பாட்டு வருகிறது, பேச்சும் வரும்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் ‘தண்ணி’ என்றுகூடச் சொல்ல முடியவில்லை, ஆனால் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வரி பிசகாமல் பாடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். ‘பாட முடிகிறவருக்குப் பேச முடியாதா, பிடிவாதம்தான்’ என்று உன் அண்ணன் கோபப்படுகிறாராம். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அது பிடிவாதம் இல்லை மீனா, அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லு.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கிறது. இடது முன்பகுதியில் ஓரிடம் கெட்டுப்போய்ப் பேச்சிழந்த நோயாளியைப் பற்றி 1861-லேயே பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவிட்டார். பாட்டு அப்படி ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை, வலது பக்கமும் சேர்ந்து உழைக்கிறது. மனப்பாடமான வரிகளுக்குப் புதிதாக வாக்கியம் கட்ட வேண்டிய வேலையும் இல்லை. அதனால்தான் பாட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. அவர் என்ன சொல்ல நினைக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கலாம். அதை நினைத்தால் அண்ணனுக்குக் கோபம் வராது.

ஆனால் பாடுகிறாரே என்று அதோடு விட்டுவிடாதே. எத்தனை பாட்டு பாடினாலும் அந்த வரிகள் தானாகப் பேச்சாக மாறிவிடாது. 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கென்றே ஒரு பயிற்சியை எழுதி வைத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் சின்னத் தொடரை எடுத்துக்கொண்டு, உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் இரண்டை மட்டும் வைத்து இழுத்துப் பாட வேண்டும். ‘தண்-ணி வே-ணும்.’ ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வேண்டும். முதலில் சேர்ந்து பாடுவது, பிறகு அவர் மட்டும், கடைசியில் ராகத்தைக் குறைத்துக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவது. உதவுவது ராகமா தாளமா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. தாளத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த ஆய்வு ஒன்று சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால் சுருதி சேரவில்லையே என்று கவலைப்படாதே, தட்டுவதை மட்டும் விடாதே. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து முதலில் வழிகாட்டுவது அவசியம். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்காது, மாதக் கணக்கிலும் ஆகலாம்.

பயிற்சி இல்லாத நேரத்தில் சும்மா கேட்பதும் வீண் இல்லை. பின்லாந்தில் டெப்போ சர்கமோ என்ற ஆய்வாளரின் குழு பக்கவாத நோயாளிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்குப் பிடித்த பாட்டு, இன்னொன்றுக்கு ஒலிப்புத்தகம், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. இரண்டு மாதம் தினமும் பாட்டு கேட்டவர்களுக்குச் சொற்களை நினைவில் வைப்பதும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவு. 2008-ல் வெளிவந்த முடிவு இது. பாட்டை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனி. அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரையே கை காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் எங்கள் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குப் பார்க்கின்சன்ஸ் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வாசற்படி அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். இப்போது இயன்முறை மருத்துவர் சொன்னபடி, சீரான தாளத்தை ஒலிக்கவிட்டு நடக்கப் பழக்குகிறோம். அடியெடுத்து வைக்கும் நேரத்தை உள்ளிருந்து சொல்ல வேண்டிய மூளைப் பகுதி இந்த நோயில் தடுமாறுகிறது, காதில் விழும் தாளம் வெளியிலிருந்து அந்த நேரத்தைச் சொல்லிவிடுகிறது. மைக்கேல் தாட் என்ற ஆய்வாளரின் குழு 1990-களிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறது. மருந்து நேரம் தவறினால் தாளமும் உதவாது, அதையும் பார்த்துவிட்டோம். ஆனால் தாளம் ஒலிக்கும்போது அம்மாவின் அடி நீளுகிறது, பயம் குறைந்திருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும்.

சரி, அப்பா ஒரு நாளில் அதிகம் சொல்ல விரும்பும் விஷயங்கள் நாலைந்தை எழுதி அனுப்பு. அவற்றை அசை பிரித்து, எங்கே உயர்த்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று குறித்து நான் அனுப்புகிறேன். பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்கு.

அன்புடன்,
கலா