மாலை ஆறு மணிக்கு மூடப்படும் ஆய்வகம் குறித்துக் கல்லூரி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாணவிகளும் பெண் ஆய்வாளர்களும் மாலை ஆறு மணிக்குள் ஆய்வகங்களை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று சென்ற மாதம் தாங்கள் பிறப்பித்த சுற்றறிக்கை எதைத் தொடர்ந்து வந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வாகன நிறுத்தத்தில் அன்றிரவு எங்கள் தோழியை வழிமறித்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அங்கே எரியாமல் கிடக்கும் விளக்கும் இன்றுவரை மாற்றப்படவில்லை. சுற்றறிக்கை மட்டும் மூன்றே நாளில் வந்துவிட்டது. ஆண் ஆய்வாளர்களுக்கு முன்போலவே நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அவர்களுக்குள்ள விதியே எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நொய்யல் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த, சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. அது சாயநீரில் எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதை அறிய, குடுவையில் விதைத்த நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் ஒளியளவுக் கருவியில், 600 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அதன் கலங்கலை அளந்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். என் பாக்டீரியா முதல் எட்டு மணி நேரம் கல்லுப்போல் கிடக்கும். அதன்பின் எட்டு, ஒன்பது மணி நேரம் கிடுகிடுவெனப் பெருகி அடங்கிவிடும். ஆய்வுக்கு வேண்டியது அந்தப் பெருக்கம்தான். காலை ஒன்பதுக்கு விதைத்தால் அது மாலை ஐந்துக்குத் தொடங்குகிறது. ஒரு புள்ளி வைப்பதற்குள் செக்யூரிட்டி அண்ணன் சாவிக்கொத்துடன் வாசலில் வந்து நின்றுவிடுகிறார். மாலை ஐந்தரைக்கு விதைத்துவிட்டுப் போனாலோ, மறுநாள் காலை கதவு திறக்கும்போது எல்லாம் முடியும் தறுவாயில் இருக்கிறது. என் வரைபடத்தில் இடப்பக்கம் ஐந்து புள்ளிகள், வலப்பக்கம் சில புள்ளிகள், நடுவே வெற்றுத்தாள். சென்ற ஆய்வுக் குழுக் கூட்டத்திற்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அந்த வெற்றிடத்தில் பேனா முனையை வைத்து, "இங்கே என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "மணி ஆறாயிருச்சுங்க ஐயா" என்றேன். அவர் சிரித்தார். என் நெறியாளர் சிரிக்கவில்லை.

அதன்பின் முதலாமாண்டு ஆய்வாளரான தம்பி ஒருவர் எனக்காக இரவில் கண்விழித்து அளவெடுத்துத் தந்தார். ஒருநாள் குடுவையைக் குலுக்காமலே எடுத்துவிட்டதால் அன்றைய இரவு முழுவதும் வீணாயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய ஆய்வு வேறு, என்னுடையது வேறு. ஆனால் என் ஆய்வுக் குறிப்பேட்டில் முக்கியமான எண்களுக்கெல்லாம் எதிரே இருப்பது அவருடைய கையெழுத்து.

பெற்றோரின் கவலையை முன்னிட்டே இந்த முடிவு என்று தாங்கள் சொல்வதாக அறிகிறேன். என் அம்மா பல்லடம் அருகே நூல் மில்லில் பதினோரு ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். மில் வேன் வந்து ஏற்றிச் செல்லும், விடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிடும். பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்வதற்கு இருந்த சட்டத்தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. விடிய விடிய நூற்புக் கதிரின் முன்னே நிற்கலாம் என்றால், அந்தத் தாயின் மகள் ஆய்வகத்தில் ஒரு குடுவையின் முன்னே நிற்கக் கூடாதா? பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை விடுதி மாணவிகள் மீது சுமத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. விடுதிக்கு ஆகாத விதி ஆய்வகத்துக்கு மட்டும் எப்படி ஆகும் என்று தெரியவில்லை.

மகளிர் நாளன்று நுழைவாயிலில் தாங்கள் கட்டிய பதாகை இன்னும் அங்கேயே இருக்கிறது. 1930களில் இதே கோயம்புத்தூரின் கரும்பு ஆய்வு நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் இனக்கலப்புச் செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் ஒருபுறம், சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்த வனிதா முத்தையா மறுபுறம். அந்தச் சந்திரயானின் தரையிறங்கு கலம் நிலவை நோக்கி இறங்கத் தொடங்கியது 2019 செப்டம்பர் 7, அதிகாலை ஒன்றரை மணியைத் தாண்டிய பிறகு. நம் கல்லூரியாக இருந்திருந்தால் திட்ட இயக்குநர் அதற்கு ஏழரை மணி நேரம் முன்பே பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு விடுதிக்குப் போயிருக்க வேண்டும். மகளிர் நாளன்று எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தீர்கள்; அதற்கு நன்றி. அந்தப் பணத்தில் ஒரு பல்பு வாங்கியிருக்கலாம்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். ஆண் ஆய்வாளர்களுக்கு ஆய்வகம் எந்நேரம்வரை திறந்திருக்கிறதோ, எங்களுக்கும் அந்நேரம்வரை திறந்திருக்க வேண்டும். வாகன நிறுத்தத்திற்கு வெளிச்சமும், இரவில் விடுதிவரை கொண்டுவிட ஒரு வேனும் கிடைத்தால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்த குடுவையை விதைக்கவிருக்கிறேன். அன்றிரவு ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒன்று என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டியுள்ளது. அதற்குள் இந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் ஆய்வு மாணவி ஒருத்தி,
கோயம்புத்தூர்