1966 எம்.ஜி.பி. காரில் துருப்பிடித்த சைலன்சர்களுக்குப் பதிலாகக் கோவையில் செய்த எக்ஸாஸ்ட் பொருத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயரும் முழு முகவரியும் இணைப்பில் உள்ள பதிவுச் சான்றின்படி),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, சென்னை.

வழி: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சர்களை மாற்றி, அளவெடுத்துச் செய்த எக்ஸாஸ்ட் குழாய் பொருத்துவது – ஒலி அளவீட்டின் அடிப்படையில் எழுத்துமூல அனுமதி கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பெயரில் 1966-ஆம் ஆண்டு எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.பி. ரக இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பதிவாகியிருக்கிறது. அதன் அடியில் உள்ள இரண்டு சைலன்சர்களும் துருவில் ஓட்டை விழுந்து, இனி வெல்டிங் வைக்கவும் இடமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டன. அவற்றைக் கழற்றிவிட்டு, கோவையிலேயே 304 கிரேடு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் செய்த எக்ஸாஸ்ட்டைப் பொருத்த விரும்புகிறேன். புதியதிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சைலன்சர்கள் இருக்கும். சத்தத்தை அடக்குவதற்கு என்ன வேண்டுமோ அது எதையும் நான் எடுக்கப் போவதில்லை. இதற்குத் தங்கள் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால்தான் தங்கள் வரைக்கும் வருகிறேன்.

கார் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் செய்தது. 1,798 சி.சி., நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்க இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் கொண்டுவந்த வண்டி. அவர் நாடு திரும்பியபோது அன்றைய வழக்கப்படி மத்திய அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் கைமாறி, பிறகு என் தந்தையாரிடம் வந்தது. அபிங்டன் ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. எனவே "கம்பெனி சைலன்சரையே போட்டுக்கொள்ளுங்கள்" என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? எம்.ஜி.யின் எண்கோண முத்திரை இன்று புதுக் கார்களில் ஓடுவது உண்மைதான். ஆனால் 1966 காருக்கான சைலன்சர் அவர்களிடம் இருக்கப் போவதில்லை.

இங்கிலாந்தில் பழைய கார் பாகங்கள் விற்கும் கடைகளில் இதற்கான சைலன்சர் கிடைக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதுவும் அசல் கம்பெனிப் பொருள் அல்ல. யாரோ ஒரு பட்டறைக்காரர் அதே அளவில் செய்து பெட்டியில் போட்டு அனுப்புவதுதான். சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் கட்டி வரவழைத்தால் அது 'உதிரி பாகம்', சிங்காநல்லூரில் செய்தால் அது 'மாற்றியமைப்பு' என்று பிரிப்பது சரியாகப் படவில்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊர் இது. ஆர்கான் வெல்டிங்கில் தையல் போட்டதுபோல் ஒரே சீராக இழுக்கும் கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

பழைய சைலன்சர் ஏன் இப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மனுவின் நியாயம் அதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது நீராவியாகவே வெளியேறிவிடும். பழைய கார்களை நாம் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு உறை போட்டு மூடுகிறோம். சைலன்சர் முழுச் சூடு ஏறுவதற்குள் என்ஜின் நின்றுவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து மைல்டு ஸ்டீல் தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். என் காரின் பின் சைலன்சரை மெக்கானிக் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினார். 'டங்' என்று வரவேண்டிய ஓசைக்குப் பதில் 'சொத்' என்றது. நுனியை வைத்து அழுத்தியதும் பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே போனது. கழற்றிக் கவிழ்த்தபோது தடுப்புத் தகடுகள் செதில் செதிலாக உதிர்ந்து கொட்டின. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

ஆக, இன்றைய நிலையில் சத்தம் போடுவது அந்த 'அசல்' சைலன்சர்தான். சத்தத்தைவிடப் பெரிய கவலை புகை. முன் சைலன்சர் இருக்கைகளுக்குக் கீழே, தரைத் தகட்டை ஒட்டி இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு காலடியில் ஏறும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. திறந்த கார்தானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கலாம். மழைக்கு மேல்துணியை இழுத்து மூடியபின் உள்ளே இருப்பது இரண்டு பேர் உட்காரும் சின்னக் கூடு.

இந்த நிலையில் வண்டியை ஓட்டிச் சென்றபோது வாகனச் சோதனையில் நிறுத்தி, அதிக ஒலி என்று அபராதம் விதித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, சத்தம் வந்தது உண்மை. ஆனால் அதைச் சரிசெய்ய என்ன வழி என்று கேட்டபோதுதான் குழப்பம் தொடங்கியது. ஓர் அலுவலர், "சைலன்சர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத பொருள், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். இன்னொருவர், வெளியே செய்த எந்தக் குழாயைப் போட்டாலும் வண்டியைப் பறிமுதல் செய்யலாம் என்றார். மூன்றாமவர், எஸ்.எஸ். குழாய் பளபளப்பாக இருக்கும், பார்த்த உடனே பிடிப்பார்கள், கறுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கண்ணுக்குப் பழையதாகத் தெரிந்தால் சட்டப்படி சரி என்றாகிவிடுமா?

சட்டத்தில் நான் புரிந்துகொண்டது இது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதை நான் மதிக்கிறேன். என் பதிவுச் சான்றில் சேஸிஸ் எண், என்ஜின் எண், சி.சி., இருக்கைகள், நிறம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் நான் தொடவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆவது விதி, ஒவ்வொரு வாகனத்திலும் விரிவறை மூலமாகவோ வேறு வகையிலோ புகை வெளியேறும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. அது யார் செய்ததாக இருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை, வேலை செய்கிறதா என்றுதான் கேட்கிறது. மறுபக்கம், அனுமதியற்ற மாற்றம் என்று முடிவு செய்தால் அதே சட்டத்தின் 182-ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம். இவ்வளவு கடுமையான விளைவை, சாலையில் நிற்கும் ஒருவரின் காதை நம்பி விட்டுவிடுவது எனக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.

நான் செய்திருக்கும் எக்ஸாஸ்ட்டைப் பற்றி. அது பட்டறையில் தயாராக இருக்கிறது, காரில் ஏற்றவில்லை. குழாயின் விட்டத்தைப் பழைய ஒன்றே முக்கால் அங்குலத்திலேயே வைக்கச் சொன்னேன். பட்டறையில் இரண்டேகால் அங்குலம் போடலாம், 'பிக்அப்' கூடும் என்று ஆசை காட்டினார்கள். குழாய் பெரிதானால் கார்புரேட்டரின் கலவை மாறும், அதன் ஊசியை மாற்ற வேண்டிவரும், அப்புறம் புகைச் சோதனையில் என் காரின் காலத்து வண்டிகளுக்கு உரிய 3 சதவீதக் கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் நிற்குமா என்று கவலைப்பட வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்றுவிட்டேன். முன் சைலன்சர் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்தது, கீச்சென்ற சத்தத்தை அது விழுங்கும். பின் சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளால் பிரித்த அறைகள் இருக்கின்றன, தாழ்ந்த உறுமல் அங்கே மோதி அடங்கும். இரண்டையும் உருளையாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் செய்திருக்கிறோம். காரின் அடிவயிறு தாழ்வு. நம் ஊர் வேகத்தடைகள் எந்தச் சட்டப் பிரிவையும்விடக் கறாரானவை. புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ போகாமல் நேர் பின்னால் வெளியேறும். எரிபொருள் குழாயிலிருந்து விதி கேட்கும் 35 மி.மீ.யைவிடக் கூடுதலாகவே இடைவெளி விட்டிருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதற்கு ஒரு கனத்த குரல் இருக்கும். இந்தக் கார் ஆலையிலிருந்து வந்த அன்றே அப்படித்தான் இருந்தது. நடுராத்திரியில் சைலன்சரின் உள் தடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவிநாசி சாலையில் பட்டாசு வெடிப்பதுபோல் பறக்கும் வண்டிகளைத் தங்கள் துறை பிடிப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் வீட்டிலும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் முதியவர் இருக்கிறார். அந்தக் கும்பலோடு சேர்த்து எங்களை எண்ணாமல் இருக்க ஒரே வழி, கருவியை வைத்து அளப்பதுதான்.

அளப்பதற்கான முறை ஏற்கெனவே இருக்கிறது. நிற்கும் வண்டியின் ஒலியை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 5130 முறையில், குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்து, உச்ச சக்தி வேகம் நிமிடத்துக்கு 5,000-க்கும் 7,500-க்கும் இடையில் உள்ள என்ஜினை 3,750 சுழற்சியில் ஓட்டி அளக்கிறார்கள். இந்த என்ஜினின் உச்ச சக்தி நிமிடத்துக்கு 5,400 சுழற்சியில். எனவே 3,750-இல் அளந்தால் போதும். ஒரு மேடு இல்லாத மைதானமும் ஓர் ஒலிமானியும் இருந்தால் அரை மணி நேர வேலை. ஓடும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளப்பதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பயணிகள் கார்களுக்கு முதலில் வைத்த வரம்பு 82 டெசிபல். 2005 ஏப்ரல் முதல் அது 74. இரண்டும் தயாரிப்பு நிலைக்கான வரம்புகள், இரண்டும் என் காருக்குப் பிந்தியவை. எந்த அளவு பொருந்தும் என்று யாரும் எழுத்தில் சொல்லாததால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. 82-க்குள் நிற்கிறேன் என்று நான் உறுதி தரத் தயார்.

இன்னொன்றும் இதில் சிக்கியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி 50 ஆண்டுகளைக் கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிந்து 'வி.ஏ.' வரிசை எண் பெறலாம். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் இந்த மூன்றில் எதிலும் சேராது என்பது என் வாசிப்பு. ஆய்வுக் குழு வேறு விதமாகப் படித்துவிட்டால் விண்ணப்பம் விழுந்துவிடும் என்று தயங்கி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. என்னைப் போலத் தயங்கி நிற்பவர்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

ஆகவே ஐயா, மேற்படி எக்ஸாஸ்ட்டை என் காரில் பொருத்திக்கொள்ளவும், பொருத்தியபின் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் ஒலியும் புகையும் அளந்து அந்த அளவுகளோடு ஒரு சான்று வழங்கவும் உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வட்டார அலுவலகத்தில் ஒலி அளக்க வசதி இல்லையென்றால், ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தால் போதும். கட்டணம், லாரியில் ஏற்றிச் செல்லும் செலவு அனைத்தும் என்னுடையது. அளவு மிஞ்சினால் அங்கேயே கழற்றிவிடுகிறேன். கண்ணாடி நார் நாளாக நாளாகக் கருகிக் கரையும் என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வரும்போது மறுபடியும் அளக்க வேண்டும் என்ற நிபந்தனை விதித்தாலும் எனக்குச் சம்மதம். அத்துடன், அசல் சைலன்சர் கிடைக்காத பழைய கார்களுக்கு எந்த டெசிபல் அளவு, எந்த முறையில் என்பதையும், விண்டேஜ் ஆய்வில் எக்ஸாஸ்ட் மாற்றத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் எல்லா வட்டார அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் பலருக்கு வழி பிறக்கும்.

பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நகல்கள், அபராத ரசீது, பழைய சைலன்சரின் புகைப்படங்கள், புதிய எக்ஸாஸ்ட்டின் அளவு வரைபடம், எஸ்.எஸ். குழாய் வாங்கிய பில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதில் வரும்வரை கார் ஷெட்டில்தான் நிற்கும். ஆய்வாளர் எந்த வேலை நாளில் வந்தாலும் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: கோயம்புத்தூர்