ஊசி உடைந்ததும் முதலில் என்ன கேட்கிறீர்கள்?

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் உற்பத்தி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பனியன் கம்பெனிகளில், வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் நாங்கள். ஆள் அனுப்பும்போது நீங்கள் சொல்லிவிடுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "பசங்களுக்கு லேபர்கிட்டப் பேசத் தெரியலைங்க, கொஞ்சம் சொல்லிக் குடுங்க." சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டு போவது லைனில் ஒரு வாரம்கூடத் தாங்காததற்குக் காரணம் லைனில் இல்லை, உங்கள் அறையில் இருக்கிறது. அதனால் இந்த மடல் அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு.

ஒரு உடைந்த ஊசியிலிருந்து தொடங்குவோம். ஓவர்லாக் மெஷினில் கழுத்துக்கு ரிப் பட்டி ஏற்றிக்கொண்டிருக்கும் ஓர் அக்காவின் ஊசி தெறிக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மெஷினை நிறுத்த வேண்டும். துண்டுகளை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்து, முழு ஊசி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுத வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள், பக்கத்துப் பண்டல் எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தை உடுப்பு என்றால் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

இத்தனையும் நடக்குமா நடக்காதா என்பது சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்கும் முதல் கேள்வியில் இருக்கிறது. "கையில பட்டுச்சாக்கா?" என்று கேட்டால், அந்த அம்மாவே குனிந்து மெஷினுக்கடியில் துண்டைத் தேடுவார். "இன்னிக்கு இது எத்தனாவது ஊசி?" என்று கேட்டால், அடுத்த ஊசி உடையும்போது உங்களுக்குச் செய்தியே வராது. பக்கத்து டெய்லரிடம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வார். முனை எந்தக் கழுத்து மடிப்புக்குள் போனதென்று யாருக்கும் தெரியாது. ஊசிக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் கம்பெனிகளும் உண்டு. ஒரு டீ வடைக் காசை மிச்சம் பிடிக்க ஒரு கன்டெய்னரைப் பணயம் வைப்பதற்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அன்பாக நடத்துங்கள் என்று நாங்கள் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்: கெட்ட செய்தி சீக்கிரம் உங்களிடம் வந்து சேர வழி விடுங்கள். பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவதும், "நாம் ஒரே குடும்பம்" என்று கேட்டில் போர்டு வைப்பதும் வேறு சங்கதி. பத்து நிமிடத் தாமதத்துக்குக் கால் ஷிப்ட் வெட்டும் குடும்பத்தை டெய்லர்கள் வெளியே எங்கும் பார்த்ததில்லை. அந்த போர்டைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை நீங்கள்தான் இன்னும் கவனிக்கவில்லை.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாக நடத்தப்படும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் கூடுதலாக இருந்தது. அங்கே கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. செய்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் தந்த விளக்கம். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. சூப்பர்வைசர் கத்துவதை நிறுத்தினால், முதல் சில வாரம், லைனிலேயே நடக்கும் இன்லைன் செக்கிங்கில் ஆல்டர் (திருத்தத் திரும்பி வரும் பீஸ்) எண்ணிக்கை ஏறும். அதைப் பார்த்ததும் "தட்டிக் கேக்காம விட்டா இப்படித்தான்" என்று பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதுவரை பண்டலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்த பீஸ்தான் இப்போது மேலே வருகிறது. 3,000 பீஸ் ஆர்டருக்கு வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன் நிலையில், ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க பழுதின் அளவு) 2.5 கணக்குப்படி, சரக்கு வாங்கும் பையரின் ஆள் எடுத்துப் பார்ப்பது 125 பீஸ். 7 பழுது வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். அந்த எட்டாவது பீஸை உங்கள் லைனிலேயே ஒரு டெய்லர் கையைத் தூக்கிக் காட்டுவது நல்லதா, பேக்கிங் முடிந்தபின் பையரின் ஆள் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவது நல்லதா?

அடுத்தது, பழுதை எப்படிச் சொல்வது. பின்னால் வந்து நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதுவே பாதித் திட்டு. பக்கவாட்டில், முகம் தெரியும்படி நிற்க வேண்டும். பழுதான பீஸையும் பையர் ஒப்புக்கொண்ட அப்ரூவல் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பேச்சு பீஸைப் பற்றியே இருக்க வேண்டும், ஆளைப் பற்றி அல்ல. "உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்பதற்குப் பதில் "மெஷின்ல என்ன பண்ணுதுங்க்கா?"

இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. பழுதுகளில் பல டெய்லருடையதே அல்ல என்று உங்களுக்கே தெரியும். சிங்கிள் ஜெர்சித் துணியில் சைடு சீம் (பக்கத் தையல்) முறுக்கிப் போய் முன்பக்கம் வருகிறதா? அது நூலின் முறுக்கும், துணியை ஃபினிஷிங்கில் சரியாக நிறுத்தாததும் செய்யும் வேலை. எவ்வளவு நேராகத் தைத்தாலும் ஒரு சலவையில் திரும்பிவிடும். பாட்டம் (கீழ் மடிப்பு) அலை அடிக்கிறதா? அதைத் தைக்கும் பேட்லாக் மெஷினில், துணியை நகர்த்தும் டிஃபரென்ஷியல் ஃபீடையும் துணியை அழுத்தும் ஃபுட்டின் அழுத்தத்தையும் முதலில் பாருங்கள். ரோலைப் பிரித்துத் துணியை ஆற விடாமல் வெட்டினால் அளவு சுருங்கும், திட்டு மட்டும் தையலுக்கு வரும். காரணத்தைத் தெரிந்தவர் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்தான். அவரைக் கேள்வி கேட்டால் தகவல் கிடைக்கும், கத்தினால் "சரிங்க சார்" மட்டும் கிடைக்கும். இந்த "சரிங்க சார்" இருக்கிறதே, அதை எந்தப் பையருக்கும் ஏற்றுமதி செய்ய முடியாது.

கூப்பிடும் விதம். எதிரே வரும் சின்னக் குழந்தையையும் "வாங்க கண்ணு" என்று அழைக்கும் ஊர் இது. அந்த "ங்க" கம்பெனி கேட்டைத் தாண்டியதும் எங்கே தொலைகிறது என்பதுதான் புரியவில்லை. இருபத்தாறு வயது சூப்பர்வைசர் நாற்பது வயது டெய்லரை "ஏம்மா நீ" என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அக்கா, அண்ணா, தம்பி, பேர் என எது வேண்டுமானாலும் சரி, "ங்க" கூட வரட்டும். வெளிமாநிலத்துத் தொழிலாளர்களை மொத்தமாக "ஹிந்திக்காரங்க" என்பதும் அப்படித்தான். ஒடிசாக்காரரின் மொழி ஒடியா. அவர் பேர் என்ன, அதை அவர் எப்படி உச்சரிக்கிறார் என்று முதல் நாளே கேட்டு டோக்கன் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஜூன் நடுவில் அவர்களுக்கு ரஜ விழா, ஊஞ்சல் கட்டி ஆடும் மூன்று நாள். பீகார்க்காரர்களின் சத் பூஜை தீபாவளி கழிந்த ஆறாம் நாள். இரண்டையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே புரொடக்‌ஷன் பிளானில் குறித்து வைத்தால், "சொல்லாம ஊருக்குப் போயிட்டாங்க" என்ற புலம்பல் பாதி குறையும்.

நகைச்சுவையில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். லைனில் சிரிப்பு வேண்டும், எட்டு மணி நேரம் ஒரே தோளை ஒரே மாதிரி தைப்பவருக்குச் சிரிப்புத்தான் டீ. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? சூப்பர்வைசருக்கு நாங்கள் சொல்லும் கணக்கு எளிது. தன்னைக் கேலி செய்துகொள்ளலாம், மெஷினைக் கேலி செய்யலாம், பையரின் ஸ்டைல் பெயரைக் கேலி செய்யலாம். கீழே வேலை செய்பவரின் உடம்பு, நிறம், சாதி, ஊர், மொழி, கல்யாணம், குழந்தை எதையும் தொடக் கூடாது. பட்டப்பெயர் கூடவே கூடாது. அந்த ஆளே சிரித்தாலும் கூடாது, ஏனென்றால் சிரிக்காமல் இருக்கும் வசதி அவருக்கு இல்லை. "கேமித்தி அச்சந்தி?" என்று தப்புந்தவறுமான ஒடியாவில் நலம் கேட்டு, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துத் திருத்தும்போது தானும் சிரிக்கும் சூப்பர்வைசர் நல்ல நகைச்சுவைக்காரர். அவர்களுடைய தமிழைப் பழித்துக் காட்டிச் சிரிப்பு வாங்குபவர் அல்ல.

பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசிவிட்டு "சும்மா ஜோக்குக்குத்தான்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே வரையறுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைமையில் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவின் பெயர்ப்பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கும். டெய்லர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒருவரையாவது முகம் தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

இனி உண்மை பேசுவது. இதில் சூப்பர்வைசரைவிட உங்கள் பங்குதான் பெரிது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒன்றரை ஷிப்ட்" என்று திங்கள் முதல் சனி வரை ஆறு தடவை சொன்னால், ஏழாவது தடவை நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஷிப்மென்ட் தேதி உங்களுக்கு முன்பே தெரியும். "வியாழன் வரைக்கும் எட்டரை மணி ஆகும், வெள்ளி அஞ்சரைக்கு அனுப்பிருவோம்" என்று திங்கள் காலையே சொல்லலாம். திடீரென்று வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று ஒரு போன் போட அவகாசம் வேண்டாமா? அஞ்சேகாலுக்கு வந்து சொல்வது கட்டளைகூட இல்லை, பொறி. அதே போலச் சனிக்கிழமைச் சம்பளம். தள்ளிப் போகும் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமையே, எந்தத் தேதியில் வரும் என்பதோடு, நீங்களே லைனில் வந்து சொல்லுங்கள். சூப்பர்வைசரை அனுப்பாதீர்கள். வாடகைக்கும் வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெய்லர்கள்.

டார்கெட்டும் உண்மையாக இருக்கட்டும். ஒரு டி-ஷர்ட் தைக்க மொத்தம் 5.5 நிமிடம், லைனில் 22 பேர், 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 விழுக்காட்டுக்கு 1,920 பீஸ். ஓடிப் பழகிய ஸ்டைலில் 60 விழுக்காடு வந்தால் 1,152, மணிக்கு 144. புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் 30 விழுக்காடே வந்தால் மணிக்கு 72. அந்த நாளிலும் போர்டில் 144 என்று எழுதி வைத்தால், மணிக்கு மணி சிவப்பு மையில் தோல்வியை எழுதுவதைத் தவிர சூப்பர்வைசருக்கு வேறு வழியில்லை. கணக்கை மறைக்காமல் போர்டிலேயே போட்டுக் காட்டுங்கள். பத்தாவது படித்த டெய்லர் இதைவிடக் கடினமான சீட்டுக் கணக்கைத் தினமும் போடுகிறார்.

தொழிலாளர்களிடம் வேலை நிலைமையை விசாரிக்கும் ஆடிட் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடலே பொய்யாகிவிடும். "எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?" "எட்டு மணி நேரங்க." "ஓவர்டைம்?" "எப்பவாச்சும்ங்க, டபுள் சம்பளம் தராங்க." இப்படி மனப்பாடம் செய்ய வைப்பவர் யார்? உங்கள் உத்தரவின் பேரில், அதே சூப்பர்வைசர். திங்களன்று பொய் சொல்லிக் கொடுத்தவர் செவ்வாயன்று "எதுன்னாலும் என்கிட்ட மனசு விட்டுச் சொல்லுங்கக்கா" என்றால் அந்த அக்கா என்ன நினைப்பார்? எந்தப் பயிற்சியாலும் இதைச் சரிசெய்ய எங்களால் முடியாது, முடியும் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கவும் மாட்டோம்.

கலகலப்பாகப் பேச வராத சூப்பர்வைசரை அப்படியே விடுங்கள். நேற்று வரை நல்ல ஓவர்லாக் டெய்லர், இன்று லைன் அவர் கையில். தனக்கு முன்னால் இருந்தவரின் குரலை இரவல் வாங்கித்தான் அவரும் கத்துகிறார். அவரைக் காமெடியன் ஆக்க வேண்டியதில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் "நான் பார்த்துச் சொன்னதுதான் தப்புங்க, உங்க பீஸ் சரியாத்தான் இருக்கு" என்று எந்த லைனில் திட்டினாரோ அதே லைனில், அத்தனை பேர் முன்னாலும் சொல்ல அவருக்குத் தெரிந்தால் போதும். அதற்கு அவர் லைனில் இருக்க வேண்டுமே! லேபிளுக்கு ஸ்டோர், பண்டலுக்கு கட்டிங், ரிப்புக்கு டையிங் கம்பெனிக்கு போன் என்று நாளில் பாதி ஓட்டம். முப்பத்தைந்து, நாற்பது டெய்லருக்கு ஒருவர் என்பதை இருபத்தைந்துக்குள் கொண்டு வாருங்கள், லைனுக்கு வேண்டியதைக் கொண்டு வந்து கொடுக்கும் லைன் ஃபீடிங்குக்குத் தனி ஆள் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் காலை மீட்டிங். அங்கே நேற்றைய உற்பத்தி குறைந்த சூப்பர்வைசரை நிற்க வைத்து, மற்றவர்கள் முன்னால் நீங்கள் பேசும் சொற்கள் பதினைந்து நிமிடத்தில் லைனுக்கு வந்துவிடுகின்றன. சில சமயம் சொல் மாறாமல். கேள்வியை மாற்றிப் பாருங்கள். "ஏன் 200 பீஸ் குறைஞ்சது?" என்பதற்கு முன் "நேத்து எங்கிட்டயிருந்து என்ன வராம நின்னுச்சு?" என்று கேளுங்கள். முதல் வாரம் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வாரம் யாராவது ஒருவர் "லேபிள், பட்டன்னு டிரிம்ஸ் எல்லாம் லேட்டுங்க" என்பார். அன்று ஸ்டோருக்கு நீங்களே போன் போட வேண்டும், அவர் எதிரிலேயே.

இதைப் படித்து முடித்ததும் ஊசிப் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள். போன மாதம் முழுக்க ஓர் ஊசிகூட உடையாத லைன் ஏதாவது இருந்தால், எங்களைக் கூப்பிடுங்கள். அந்த லைனிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
லைன் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தருவோர்
திருப்பூர்