பட்டப்படிப்புக்கும் தமிழில் டிவி பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முக்கூடல்காரி. வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டிலிருந்து படிக்கச் செல்போன் இருக்கிறதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். மடியில் பீடித்தட்டு இருக்கும்போது செல்போனில் பாடம் பார்க்க முடியாது. இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கும்வரை இரண்டு கைக்கும் வேலை. விரலெல்லாம் புகையிலைத் தூள். இருப்பதும் ஒரே போன், அது மகனிடம்.

டிவிக்குக் கை வேண்டாம். கை அதன் பாட்டுக்குச் சுற்றும், காது பாடத்தில் இருக்கும், படம் வரும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும். சீரியலை ஒரு வசனம் விடாமல் நாங்கள் அப்படித்தான் கேட்கிறோம்.

சரி, பாடம் எங்கே வருகிறது? மத்திய அரசு 2017 ஜூலையில் ஸ்வயம் பிரபா என்று 32 சேனல்களைத் தொடங்கியது. தினமும் நாலு மணி நேரம் புதுப் பாடம், அதையே அன்று இன்னும் ஐந்து தடவை போடுவார்கள். உலை வைக்கப் போனதில் தவறவிட்டதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். டிடி ஃப்ரீ டிஷ் குடை இருந்தால் மாதச் சந்தாவும் கிடையாது. எங்கள் வீட்டில் கேபிள். கேட்டதற்கு, "அப்படி ஒரு சேனலா?" என்றார் கேபிள்காரர்.

குடை இருக்கும் சித்தி வீட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்பர் காலத்து நிலவரிப் பாடம் ஓடியது. எத்தனை வருஷம் தரிசாகக் கிடந்தது என்பதை வைத்து நிலத்தை நாலு வகையாகப் பிரித்ததைப் பேராசிரியர் கட்டம் போட்டுக் காட்டினார். புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் பிடிபடாதது, கட்டத்தைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. பேச்சு தமிழில் இருந்திருந்தால் மீதியும் விளங்கியிருக்கும். அவர் பேசியது முழுக்க இங்கிலீஷ். நான் தேர்வு எழுதுவதோ தமிழில்.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது என் மகன் அதில்தான் கணக்குப் படித்தான், தமிழில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் செய்ததைப் பட்டம் படிக்கும் தாய்க்கும் செய்ய முடியாதா? ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்குத் திருநெல்வேலி போனால் பஸ் காசோடு அன்றைய கூலியும் போய்விடுகிறது. அந்த வகுப்பையே படம் பிடித்து ஒளிபரப்பலாமே. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கல்விப் படம் எடுப்பதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தமிழில் எடுத்துக் கொடுத்து, மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை போட்டால் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் பார்ப்போம்.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிவியில் என்ன சினிமா என்று போடும் பக்கத்தில், எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ன பாடம் என்று நாலு வரி போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.