“முடியாது” என்று சொன்ன பாஸுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள கொட்டகலை, தலவாக்கலை உறவுகளுக்கு,

என் பழைய லுமாலா சைக்கிள் இப்போது பிக்ஸட் கியராக ஓடுகிறது. பின்சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வர வழியே கிடையாது. “மலைநாட்டுல இது தேவையா?” என்று கேட்காத ஆளில்லை. கேட்டுக்கொண்டே உதவியும் செய்தீர்கள்.

முதல் நன்றி சைக்கிள் கடை பாஸுக்கு. பெடலை நிறுத்தினாலும் சில்லை உருளவிடும் பிரீவீலைக் கழற்றிவிட்டு, சில்லின் நடுவிலிருக்கும் அதே ஹப்பில் பிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றுவது பலர் செய்கிற மலிவான வழி. இரண்டுக்கும் மரை ஒன்றுதான்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஏறிவிடும். ஆனால் காலால் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது அந்தச் சக்கரம் கழலப் பார்க்கும். அதை மறிக்க, பெடல் அச்சுப் பெட்டியின் பூட்டு வளையத்தை எடுத்துப் பசை போட்டு இறுக்குவார்கள். அதுவும் அதே பக்க மரை என்பதால் கழன்றால் இரண்டும் சேர்ந்தே கழலும். பாஸ் ஹப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சமதரையில எப்படியோ, டெவன் இறக்கத்துல இது நிக்காது. நான் செய்ய மாட்டேன்” என்று கையைத் துடைத்துக்கொண்டார். கூலி வேண்டாமென்று சொல்கிற கடைக்காரரிடம் என்ன பேரம் பேசுவது!

சரியான பிக்ஸட் ஹப்பில் பூட்டு வளையத்துக்கென்று தனியாக இடமரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றும் மரை, வெட்டியிருக்கும். பல்சக்கரம் கழல முயன்றால் வளையம் இன்னும் இறுகும். அப்படியொன்றைத் தேடிக் கொழும்பில் கடை கடையாக அலைந்தது என் மச்சான். ஒரு கடையில் கம்பி கோர்க்க 32 துளை உள்ள ஹப்பைக் காட்டி “எல்லாம் ஒன்றுதான்” என்றார்களாம்; என் ரிம் 36 துளை. விடாமல் தேடி வாங்கி ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதை மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த கொண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

கம்பி பின்னியது பாஸ்தான். பழைய கம்பிகள் நீளம் ஒத்துவரவில்லை; கடையிலிருந்த கட்டுகளைப் பிரித்துப் பொருத்தமானதைத் தேர்ந்து, ரிம் நெளியாமல் நேராக்கிக் கொடுத்தார். புது ஹப் 120 மில்லிமீட்டர் அகலம், பின் போர்க்கின் இடைவெளி அதற்குக் குறைவு. இரும்புச் சட்டம் என்பதால் பதமாக விரிக்க முடிந்தது. பூட்டு வளையத்தை இறுக்கும் கொக்கிச் சாவி எங்கும் கிடைக்காதபோது, தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருக்கிற மாமா பழைய தகட்டை அராவி ஒன்று செய்து தந்தார். கடைச் சாவியே தோற்றுப்போகும், அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது.

முன்பிரேக், பின்பிரேக் இரண்டும் அப்படியே இருக்கின்றன. “பிரேக்கைக் கழட்டினா வீட்டுக்குள்ள வராதே” என்றது அம்மா. பிரேக் இல்லாமல் ஓட்டுவதுதான் ஸ்டைல் என்று நினைக்கும் தம்பிகள் அம்மாவிடமே வந்து பேசிப் பார்க்கலாம்.

முன்னால் 44 பல், பின்னால் 18. மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று கால் சுற்ற வேண்டும்; 40 என்றால் 130ஐத் தாண்டும். அதனால் இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துத்தான் வருகிறேன். முதல் தடவை பின்னால் விளக்கை மினுக்கிக்கொண்டு மெதுவாக வந்து, லொறிகளை என் முதுகில் ஏறவிடாமல் காத்த த்ரீவீல் அண்ணனே, அந்தப் பெற்றோல் காசை இன்னும் நீங்கள் வாங்கவில்லை. ஏற்றத்தில் மட்டும் பெடல் தானாகவே காலை மேலே தூக்கிக் கொடுக்கிறது. அந்தச் சுகத்துக்காக மற்றதெல்லாம் பொறுக்கலாம்.

கழற்றிய பிரீவீல், 18 பல், நல்ல நிலையில் இருக்கிறது. பாஸின் கடையில் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். கொக்கிச் சாவியும் அங்கேதான் தொங்குகிறது. அதை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.