முழங்கால் எக்ஸ்ரேயும் முந்நூற்று நாலும்

கொக்குவில்,
நல்லூர்த் தேருக்கு அடுத்த வாரம்

அன்புள்ள தம்பி,

உன்னுடைய போனுக்கு நேற்று ஒரு முழங்கால் எக்ஸ்ரே படம் வந்திருக்கும். கோண்டாவில் மாமியின் முழங்கால் அது. பார்த்துக் குழம்பாதே, குற்றம் என்னுடையது.

போன வருடம் இங்கே திருநெல்வேலியில் ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் மாமி பக்கத்தில் இருந்தார். "மகன் கனடாவில் என்ன படிக்கிறான்?" என்று கேட்டார். பொழுதுபோக்குச் சிகிச்சை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே இரண்டு டொக்டர்களின் தாய்மார் இருந்தார்கள். "இயன்மருத்துவம்", அதுதான் பிசியோதெரபி, என்று சொல்லிவிட்டேன். இரண்டும் கிட்டக்கிட்டத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன். அந்தப் பொய் ஒரு வருடம் சும்மா கிடந்து, இப்போது எக்ஸ்ரேயாக உன் வாசலில் வந்து நிற்கிறது.

இன்று காலை மாமியின் வீட்டுக்கு நடந்தே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் அவன் என்னதான் செய்வான்?" என்றார். அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். என்ன சொன்னேன் என்பதை உனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. போனில் நான் இதையெல்லாம் சொல்லமாட்டேன், உனக்குத் தெரியும்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பிள்ளை இப்படி ஒரு படிப்பை எடுத்தபோது அப்பா அதற்கு "விளையாட்டுப் படிப்பு" என்று பெயர் வைத்தார். நான் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது வருடம் வகுப்பில் "பொழுதைப் போக்காதே, கணக்கைச் செய்" என்று சொன்ன வாய் இது. நம் ஊரில் பொழுதுபோக்கு என்பதே ஒரு வசைதான். அதற்கு நயாகராவுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது என்றால் எந்தக் கணக்கு ஆசிரியைக்குத்தான் விளங்கும்?

பெரியமாமாவுக்குப் பாரிசவாதம் வந்ததும்தான் விளங்கத் தொடங்கியது. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தபோது முத்து முத்தாக எழுதிய வலக்கை மடியில் கிடந்தது. வாயும் கோணிவிட்டது. வைத்தியசாலையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நாளுக்கு மூன்று தடவை அமுக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளே இடக்கையால் அதைக் கிணற்றடிக்கு எறிந்துவிட்டார்.

நீ போனில் கேட்ட முதல் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. "வருத்தம் வருவதற்கு முதல் பின்னேரங்களில் மாமா என்ன செய்வார்?" கை அசையவில்லை என்று நான் அழ, நீ பின்னேரத்தைப் பற்றிக் கேட்கிறாய். வேறென்ன, வாசிகசாலையில் முந்நூற்று நாலு சீட்டாட்டம்தான் என்றேன். "அப்போ அதையே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்" என்றாய்.

கொண்டுவந்தோம். விறாந்தையில் மேசையைப் போட்டு, அப்பாவும் பக்கத்து வீட்டுத் தபாலதிபரும் ஒரு பக்கம், மாமாவும் நானும் மறுபக்கம். அவரால் சீட்டை விரித்துப் பிடிக்க முடியவில்லை. நான் அவருடைய எட்டுச் சீட்டையும் வாங்கி, என்னுடையதோடு சேர்த்து நானே இறக்கினேன். மூன்றாவது ஆட்டத்தில் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு இனிச் சீட்டு வேண்டாமாம் என்று உனக்குச் சொன்னேன். "சீட்டு வேண்டும் அம்மா, உங்கள் கைதான் அவருக்கு வேண்டாம்" என்றாய். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நீ அனுப்பிய சீட்டுத் தாங்கியின் படத்தைப் பார்த்து அப்பா ஒரு முழ நீளப் பனஞ்சலாகையில் மரம் அறுக்கும் வாளால் நீளமாக ஒரு பிளவு போட்டார். முதல் பிளவு அகலமாகிவிட்டது, சீட்டெல்லாம் குப்புற விழுந்தது. இரண்டாவது நேராக நின்றது, ஆனால் தபாலதிபர் எட்டிப் பார்க்க வசதியாகப் போய்விட்டது. மூன்றாவதைச் சற்றுச் சாய்த்து அறுத்து, சீட்டு இறுகாமல் வர மெழுகுதிரியைத் தேய்த்தார். விளையாட்டுப் படிப்பு என்று சொன்ன அதே மனிதர் அந்தச் சலாகைக்கு வார்னிஷ் பூசி வெயிலில் வைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாலு சீட்டுப் போட்டதும் எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும் அல்லவா? நாங்கள் மூவரும் மாமாவைப் பார்த்தோம். தாடையை இரண்டு தடவை அசைத்தார். "நூற்று எழுபது" என்றார். வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சியில் "அம்மா", "ஆடு" என்று சொல்ல மறுத்த மனிதர். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், பழைய கச்சேரிப் பார்வை. வென்ற சீட்டுகளை வலக்கையால்தான் இழுத்து அடுக்க வேண்டும் என்ற உன் சட்டத்தை முதலில் அவர் ஏற்கவில்லை. நாங்கள் அவருடைய ஒரு பிடியை எண்ணாமல் விட்டதும் அந்தக் கை மேசையில் ஊர்ந்து வந்தது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சீட்டுச் சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. கூட்டலில் நான் ஒன்றை விட்டால் அவர்தான் பிடிக்கிறார்.

கை சரிவந்துவிட்டது என்று எண்ணாதே. சேட்டுப் பொத்தானை இன்னும் நான்தான் பூட்டிவிடுகிறேன். இயன்மருத்துவர் வரும் நாட்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் மூன்று மணிக்கே சேட்டை மாற்றிவிடச் சொல்கிறார். அந்தப் பந்தையும் கிணற்றடியிலிருந்து எடுப்பித்துவிட்டார்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே எழுந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியடித்து நின்றது. நான் சான்றிதழ்களைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தேன். மாமாவின் சேட்டுப் பைக்குள் ஒரு சீட்டுக்கட்டு. இந்த நேரத்தில் இது எதற்கு என்று அவரை ஏசினேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், முன்பின் தெரியாத மூன்று பேரை உட்காரவைத்து அதைப் போட்டார். அவர்களில் ஒருவர் வந்ததிலிருந்து யாருடனும் கதைக்காதவர். கிளாவர் சாதியின் ஏழாம் சீட்டு வழியில் விழுந்துவிட்டதால் சிகரெட் பெட்டி மட்டையை வெட்டி எழுதிவைத்திருந்தார். (கிளாவர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று அவர்தான் எனக்குச் சொன்னவர்.) அன்று மாமாவுக்கு யார் படிப்பித்தார்கள் என்று நீ உன் பேராசிரியர்களிடம் கேட்டுப் பார்.

மதிப்பிடு, திட்டமிடு, நடத்து, திரும்ப மதிப்பிடு என்று உங்கள் படிப்பின் நாலு படிகளை நீ சொன்னபோது சிரித்தேன். தந்தது என்ன, எப்படிச் செய்வது, செய், விடையைச் சரிபார் என்று கரும்பலகையில் நான் எழுதியதும் அதுதான். ஆனால் இங்கே முதலாம் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். உன் பாட்டியின் திவசத்துக்கு ஒரு முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தோம். வடை பாயசத்தோடு நல்ல சாப்பாடு, படமும் எடுத்தோம். சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் சுவரோரக் கதிரைகளுக்குத் திரும்பிப் போனார்கள், நாங்கள் வான் வண்டியில் ஏறினோம். உங்களுக்கு என்ன செய்ய விருப்பம் என்று ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

நீ போகும் பராமரிப்பு இல்லத்தில் பிங்கோ மேசையில் சும்மா இருக்கும் நம் ஊர்ப் பாட்டியைப் பற்றிச் சொன்னாயே, அவருக்கு முன்னால் ஒரு கட்டு முருங்கை இலையை வைத்துப் பார். கை தானாக உருவும், வாய் தானாகக் கதைக்கும். அது பொழுதுபோக்கா வேலையா என்று யாரும் கேட்டால் இரண்டும்தான் என்று சொல்.

அமெரிக்கச் சான்றிதழுக்கு 14 வாரத்தில் 560 மணித்தியாலம் பயிற்சி என்றாய். வாரத்துக்கு 40. அதோடு இரவில் கடை வேலைக்கும் போனால் எப்போது நித்திரை கொள்வாய்? கடையை அந்த 14 வாரமும் விட்டுவிடு. அப்பாவின் ஓய்வூதியத்தில் கொஞ்சம் அனுப்புகிறோம், மறுக்காதே.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் முழங்காலுக்கு அவன் என்ன சொல்வான்?" என்றார். அவருக்கு ஒரு பதில் போடு. இளமையில் கோலாட்டம் ஆடியவர், அதைக் கேட்டுப் பார்.

இன்னொன்று. உனக்குக் காலை ஏழரை மணி, எங்களுக்குப் பின்னேரம் ஐந்து. அந்த நேரம் போன் எடுக்காதே. நேற்று நீ எடுத்தபோது மாமா 250 கேட்டிருந்தார், நான் எழுந்து வந்ததில் ஆட்டம் போய்விட்டது. இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

அன்புடன்,
அம்மா