மனநலச் சிகிச்சையில் இருப்பவர் வேலைக்கு வரக்கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை ஒன்றில், மனநலச் சிகிச்சை பெறும் ஊழியர் முழுமையாகக் குணமாகும் வரை பணிக்கு வராதிருப்பதே உடன் பணிபுரிவோருக்கு நல்லது என்று எழுதப்பட்டிருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

தருமபுரி மாவட்டத்தில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் பிரிவில் இருந்த உதவியாளர் ஒருவர், இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலச் சிகிச்சை கிடைக்கும் என்று தெரிந்தும், அறிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ரயிலேறிப் போய் மாத்திரை வாங்கி வந்தார். விடுப்பு விண்ணப்பத்தில் முதுகுவலி என்றுதான் எழுதுவார். முதுகுவலி என்றபோது பழம் வாங்கிக்கொண்டு வீடு தேடிப் போனவர்களே, உண்மை தெரிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினார்கள். மாத்திரையின் மயக்கத்தால் காலையில் தாமதமாக வந்ததற்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-இன் கீழ் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். பின்னர் ஆவண அறைக்கு மாற்றினார்கள். பேச்சுத்துணைக்கும் ஆளில்லாத அந்த அறையில் அவர் மேலும் ஒடுங்கிப்போனார்.

புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலர் அவரை மீண்டும் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். திங்கள்கிழமை மனுநாள் கூட்டத்திலிருந்து மட்டும் விலக்களித்தார். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கும் வரை, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மாலையில் ஈடுசெய்யச் சொன்னார். இதற்கு அரசாணையோ நிதியோ தேவைப்படவில்லை. அவர் பழையபடி கோப்பு எழுதியதை நான் கண்ணாரக் கண்டேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருப்பதும், அரசுப் பணியின்போது குறைபாடு ஏற்பட்டவரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அந்த வேலை இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணியிடம் தரவேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்வதும் தாங்கள் அறியாததல்ல. ஓசூரில் இரவுப் பணி பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. வேலைக்கு வராதே என்றால் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

ஆண்டுதோறும் உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று விழிப்புணர்வுப் பேரணியைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் அதிகாரிகளின் படத்தை வெளியிடுகிறீர்கள். 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 அந்தச் செய்திகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்து, அந்த எண்ணையும் மேற்சொன்ன சட்டப்பிரிவையும் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
தருமபுரி.